சிவப்பு வரட்டும்

அலுவலகத்தில் அவருக்குப் பஞ்சர் என்று பெயர். அலுவலகத்துக்குக் கீழே டயர் கடை இருப்பதால் வந்த பெயர் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். உண்மை வேறு. அவர் எழுதும் மென்பொருளில் ஓர் ஓட்டையை அடைத்தால் இன்னோர் இடத்தில் காற்று இறங்கும். அங்கே ஒட்டுப் போட்டால் வால்வே கழன்று வரும். பன்னிரண்டு வருடமாக வண்டி இப்படித்தான் ஓடியது.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குத் தங்கை போன் செய்தாள். டயாலிசிஸ் மையத்தில் தலைமை நர்ஸ். அங்கே எட்டு மெஷின். யார் எதில் எத்தனை மணிக்கு என்று பிரித்துக் கொடுப்பது அண்ணன் எழுதிய மென்பொருள். “எங்க அண்ணன்தான் எழுதறார், நான் பொறுப்பு” என்று பெரிய டாக்டரிடம் சொல்லி அதை உள்ளே கொண்டுவந்தவள் அவள்.

“அண்ணா, மறுபடியும் ரெண்டு பேரை ஒரே மெஷின்ல போட்டிருக்கு.”

“போன வாரம்தானேம்மா அதைச் சரிபண்ணேன்?”

“போன வாரம் மூணாம் மெஷின். இன்னிக்கு அஞ்சு. பஸ் கண்டக்டரா இருந்தவர், ரெண்டு மணி நேரமா நாற்காலியில உக்காந்திருக்கார், கால் வீங்கிப்போய். ‘ஒரே சீட்டுக்கு ரெண்டு டிக்கெட் கிழிச்சிட்டீங்களா’ன்னு கேட்டுட்டு சிரிக்கிறார். அதான் எனக்குத் தாங்கல.”

அவர் மூணாம் மெஷினுக்குப் போட்ட ஒட்டைத் திரையில் தேடினார்.

“திங்கக்கிழமை பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். அன்னிக்கும் சொதப்பினா பழையபடி நோட்டுல கையால எழுதறதுதான். உனக்காக நான் குடுத்த வாக்கையும் திரும்ப வாங்கிக்கணும்.”

வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

பக்கத்து மேசைப் பெண் காதில் இருந்த இயர்போனைக் கழற்றினாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அவள் எழுதியது எதுவும் இதுவரை பிழையென்று திரும்பி வந்ததில்லை என்பதால் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. அந்தப் பாதியின் தலைவர் நம் பஞ்சர்தான்.

“டெஸ்டை முதல்ல எழுதிப் பாருங்க சார்.”

“புரோகிராம் கோடே எழுதல, எதை டெஸ்ட் பண்றது? சாப்பிடறதுக்கு முன்னாடியே ஏப்பம் விடச் சொல்றியேம்மா.”

“என்ன நடக்கணும்னு ஒரு சின்ன டெஸ்டா எழுதுங்க. கோடு இன்னும் இல்லாததால, ஓட்டினா சிவப்பு வரும், தோத்துப்போச்சுன்னு அர்த்தம். அது பச்சையாகற அளவுக்கு மட்டும் கோடு எழுதுங்க. அப்புறம் அடுத்தது.”

மூன்று மாதமாக அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு டீ குடிக்கத் தோன்றும். அன்று தோன்றவில்லை. கண்டக்டரின் கால் கண்ணை விட்டுப் போக மறுத்தது. திங்கள் வரை இனி ஒட்டு வேலை கிடையாது என்று தனக்குத் தானே சத்தியம் செய்தார்.

சத்தியம் மதியம் வரை தாங்கியது. கை பழக்கதோஷத்தில் முதலில் கோடை எழுதிவிட்டது. பிறகு பின்னாலேயே ஓடிப்போய்ப் பதினொரு டெஸ்டுகளை எழுதினார். எது முன், எது பின் என்று கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? ஓட்டினார். பதினொன்றும் பச்சை. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

அவள் பார்த்தாள். “இதுல எதாவது ஒண்ணு எப்பவாவது சிவப்பா இருந்துச்சா சார்?”

“ஏன் இருக்கணும்? எழுதினது யாரு?”

“மெஷின் காலியான்னு பார்க்கற வரி எது?”

காட்டினார்.

“அழிச்சிட்டு ஓட்டுங்க.”

அழித்தார். ஓட்டினார். பதினொன்றும் பச்சை. வயல் மாதிரிப் பச்சை.

வரி போயும் ஒரு டெஸ்ட்கூடச் சிவக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது லட்சணம் புரிந்தது. சரியான விடை என்ன என்ற இடத்தில், சோம்பலில், அந்த மென்பொருளையே கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். பரீட்சை எழுதும் மாணவனையே கூப்பிட்டு, ‘விடைத்தாளைத் திருத்தணும், சரியான பதில் என்னப்பா’ என்று கேட்ட கதை. அவன் என்ன உளறினாலும் நூற்றுக்கு நூறு.

“எல்லாருக்கும் நடக்கறதுதான் சார்,” என்றாள் அவள். “தோத்துக் காட்டாத டெஸ்டை நான் நம்பறதில்ல.”

பதினொன்றையும் அழித்தார். மதியம் எழுதிய நானூறு வரிகளையும். அழிக்கும்போது ‘நிச்சயமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. பன்னிரண்டு வருடத்தில் அவரை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

பிறகு ஒரே ஒரு டெஸ்ட்: ஒரு மெஷின், ஒரு நேரம், இரண்டு பேர், இரண்டாமவரை ஏற்றக் கூடாது. ஓட்டினார். சிவப்பு. இரண்டு வரி எழுதினார். பச்சை. சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தப் பச்சையைத் தொட்டால் நிஜ வயல் போலக் கை ஈரமாகும் என்று தோன்றியது.

அடுத்த டெஸ்டுக்கு உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டார். சரியான விடை அவருக்கே தெரியவில்லை. தங்கைக்குப் போன் போட்டார்.

“ஒருத்தர் இறங்கினதும் அடுத்தவர் உடனே ஏறலாமாம்மா?”

“மெஷினைச் சுத்தம் பண்ண வேண்டாமா? அரை மணி வேணும்.”

“சரி. யாராவது லேட்டா வந்தா?”

“தினமும் யாராவது லேட்டுதான். அவங்க ஏறினதிலிருந்து நாலு மணி நேரம்.”

“ஏறினதிலிருந்தா? புக் பண்ண நேரத்திலிருந்து இல்லையா?”

“அண்ணா, ரெண்டு வருஷமா இதைக் கேக்காமலா எழுதினே?”

அடுத்த டெஸ்டை எழுதினார்: நாற்பது நிமிடம் தாமதமாக ஒருவர் ஏறுகிறார், முடியும் நேரமும் நாற்பது நிமிடம் தள்ள வேண்டும், அதுவரை மெஷின் காலியாகாது. சிவப்பு. இரண்டு வருடமாக மூன்றாம் மெஷினிலிருந்து ஐந்துக்கும் ஐந்திலிருந்து ஏழுக்கும் ஓடிப் போக்குக் காட்டிய ஓட்டை, ஒரே வரியில் சிவப்பாக நின்றது. “வாடா மகனே” என்றார் சத்தமாக. பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு. ஐம்பத்துமூன்று டெஸ்டுகள், ஒவ்வொன்றும் முதலில் சிவந்து, பிறகு பச்சையானது. இடையில் இரண்டு முறை கை கோடை முதலில் எழுதியது. இரண்டு முறையும் அழித்தார். மூன்றாம் முறை கையே பயந்து நின்றது.

திங்கள் காலை மையத்தில் தங்கை நோட்டோடு நின்றாள். கோடு போட்ட பெரிய நோட்டு, எட்டுப் பத்திகள் தயாராக இருந்தன. பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கண்டக்டர் நாற்பத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தார். “பஸ் கிடைக்கல. நியாயம்தான், நான் எத்தனை பேரை விட்டுட்டுப் போயிருக்கேன்.” அவர் இரண்டாம் மெஷினில் ஏறியதும், அவருக்கு அடுத்தவரை மென்பொருள் தானாகவே ஏழாம் மெஷினுக்கு மாற்றியது.

தங்கை விடவில்லை. “ஒருத்தருக்கு உடம்பு முடியாம பாதியில இறக்கினா?”

வழக்கமாக அவர், ‘அதெல்லாம் அதுவே பார்த்துக்கும்’ என்பார். வாய் அந்த வடிவத்துக்கு வந்தும்விட்டது.

“தெரியாதும்மா. அதுக்கு டெஸ்ட் எழுதல.”

அங்கேயே மருந்துப் பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்து எழுதி ஓட்டினார்.

“ஐயோ, சிவப்பு!” என்றாள் தங்கை.

“வரட்டும். இங்க திரையில வந்தா அங்க மெஷின்ல வராது.”

பத்து நிமிடத்தில் பச்சையானது. மற்ற ஐம்பத்துமூன்றும் அசையவில்லை. எங்கும் காற்று இறங்கவில்லை.

பெரிய டாக்டர் கையை அவிழ்த்தார். “தெரியாதுன்னு சொல்ற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்,” என்று தங்கையிடம் சொன்னார். “இதுவே இருக்கட்டும்.”

டாக்டர் போனதும் தங்கை நோட்டைத் திறந்தாள். போட்டுவைத்த எட்டுப் பத்திகளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அடுத்த பக்கத்தில் ‘அண்ணாகிட்ட கேக்க வேண்டியது: ஒண்ணு’ என்று எழுதினாள்.

“கரண்ட் போயிட்டு வந்தா, அண்ணா?”

அவர் லேப்டாப்பை மறுபடியும் திறந்தார்.