முதல் பூச்சு காயும் நேரம்

ரோலர் ஓட்டுவது அவர். சுவரின் ஓரங்களைப் பிரஷ்ஷால் எடுப்பது அவள். கல்யாணமான புதிதிலிருந்து இருவரும் இப்படித்தான் வீடு வீடாகப் பெயிண்ட் அடித்தார்கள். ரோலர் பிடிக்கிற கை முழங்கை வரை நனையும். பிரஷ் பிடிக்கிற கை சுத்தமாக இருக்கும். அதனால் அவருக்கு சிகரெட் பற்றவைத்துக் கொடுப்பதும் அவள் வேலையாகிவிட்டது.

முதல் பூச்சு முடிந்ததும் வெளிப்படியில் போய் உட்காருவார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்து அவர் உதட்டில் வைப்பாள். தன் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசுவாள். அவர் பேச ஆரம்பிப்பார். வீட்டில் வாயே திறக்காத மனுஷன். படியில் உட்கார்ந்தால் மகளின் வேலை, ஒழுகுகிற குழாய், பக்கத்து வீட்டுக்காரனின் புது மீசை எல்லாம் வரும். ஒரு சிகரெட்டில் சுவர் காயாது. இன்னொன்றைப் பற்றவைப்பாள்.

இப்போது அவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை. தோளுக்குள் தசைநார் கிழிந்திருந்தது. தைக்க வேண்டும் என்றார் டாக்டர். புகை பிடிக்கிற உடம்பில் தைத்தது சேராது, விட்டுவிட்டு வந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்றும் சொன்னார்.

"ஒரே நாள்ல எல்லாத்தையும் விடச் சொல்லல," என்றாள் அங்கிருந்த நர்ஸ். "எது இல்லாம இருக்க முடியும்னு தோணுதோ, அதை முதல்ல விடுங்க. அப்புறம் அடுத்தது. ஆனா ஆபரேஷனுக்கு முன்னால இந்தக் குழாயில ஊதணும். பொய் சொன்னா மெஷின் காட்டிக் குடுத்துடும்."

பஸ்ஸில் அவள் கேட்டாள். "எது இல்லாம இருக்க முடியும் உங்களால?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "உங்க அண்ணன் வந்தா அவரோட சேர்ந்து பிடிக்கறது."

"அவர் வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு."

"அதை விட்டுட்டேன்."

பிறகு நிஜமாகவே சிலது போயிற்று. காலையில் எழுந்ததும் பிடிப்பது போயிற்று. பஸ்ஸுக்கு நிற்கும்போது பிடிப்பது போயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு பிடிப்பது மட்டும் கொஞ்சம் அடம்பிடித்தது. அந்த நேரத்தில் பாத்திரம் கழுவச் சொன்னாள்.

மகள் போனில் கேட்டாள். "எப்படிப்பா இருக்கு?"

"தோள்வலின்னு சொன்னவனை உங்கம்மா பாத்திரம் கழுவ விட்டிருக்கா."

"இடது கையால கழுவறாருடி," என்று இவள் அடுப்படியிலிருந்து கத்தினாள். "பாதி அழுக்கு அப்படியே இருக்கு."

படியில் பிடிப்பது மட்டும் மிஞ்சியது. அதைப் பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை. தீப்பெட்டி அவள் பையிலேயே இருந்தது. சிகரெட் போனால் பேச்சும் போய்விடுமோ என்று பயம். அவர் தூக்கத்தில் புரண்டு தோளைப் பிடித்துக்கொண்டு முனகும்போது, அந்தப் பயம் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வேலை வந்தது. நோயாளிகள் காத்திருக்கும் அறை. இப்போது ரோலர் அவளிடம். அவர் தரையில் உட்கார்ந்து கீழ் ஓரங்களை எடுத்தார்.

"இன்னிக்கு தீப்பெட்டி எடுத்துட்டு வரல," என்றாள்.

"சரி."

கோபமில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

முதல் பூச்சு முடிந்து அவள் பெயிண்ட் தட்டைக் கழுவப் போனாள். வழக்கமாக அதற்குள் அவர் படிக்குப் போயிருப்பார். அன்று போகவில்லை. சிகரெட் இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது? ரோலரை இடது கையில் எடுத்தார். காயாத சுவரில் இரண்டாவது பூச்சை ஆரம்பித்துவிட்டார்.

அவள் திரும்பி வரும்போது ரோலர் கீழே இருந்த பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டிருந்தது.

"ஐயய்யோ, நிறுத்துங்க!"

சத்தம் கேட்டுப் பல் டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, சுவருக்கும் சொத்தையா?"

"சுரண்டி அடைச்சுடறோம் டாக்டர்," என்றாள் அவள். "வலிக்காது."

டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். இவர் சிரிக்கவில்லை. இருவரும் சுரண்டினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். அவள் மறுபடி முதல் பூச்சிலிருந்து ஆரம்பித்தாள்.

"சிகரெட் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது," என்றார் அவர்.

"சுவர் காயறதுக்கு நீங்க எதுக்குப் புகையணும்?"

"பின்ன சும்மா எப்படிடி உட்காருறது? பைத்தியக்காரன் மாதிரி."

"ரெண்டு பைத்தியமா உட்காரலாம். வாங்க."

படியில் உட்கார்ந்தார்கள். அவர் கைகளை முழங்காலில் வைத்தார். எடுத்தார். சட்டைப்பையைத் தொட்டார். எழுந்தார், உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எதற்குப் பயந்தாளோ அது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அவளுக்குத் தாகமெடுத்தது. கை இரண்டும் முழங்கை வரை வெள்ளை.

"பையில ஆரஞ்சு இருக்கு. உரிச்சுக் குடுங்க."

"நீயே எடுத்துக்கோ."

"என் கையைப் பாருங்க."

அவர் பார்த்தார். ஏதோ முதன்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பழத்தை எடுத்தார்.

தோல் துண்டு துண்டாக வந்தது. சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரை உரிக்க ஆரம்பித்தார். பட்டி பூசிய சுவரில் பிசிறு தேடுகிறவர் மாதிரி விரலால் தடவித் தடவி எடுத்தார்.

"சாப்பிடத்தான் கேட்டேன். கண்காட்சிக்கு இல்ல."

"வாயைத் திற."

அவள் தெருவைப் பார்த்தாள். "யாராவது பாக்கப் போறாங்க."

"இத்தனை வருஷமா நீ என் வாயில வெச்சியே, அப்ப யாரு பாத்தா?"

திறந்தாள். புளித்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். விதையைத் துப்ப இடம் தேடியபோது அவர் உள்ளங்கையை நீட்டினார். அடுத்த சுளையின் நாரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்க அண்ணன் ஏன் இப்பல்லாம் வர்றதே இல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறைய பழம். பதில் சொல்ல முடியவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். அண்ணன், அண்ணனின் பழைய வண்டி, அந்த வண்டியை இருவருமாகத் தள்ளிக்கொண்டு போனது. இன்னொரு பழத்தை எடுத்தார். உள்ளே சுவர் தன்பாட்டில் காய்ந்தது.

அத்தோடு தீர்ந்துவிடவில்லை. ஒருநாள் பழம் கொண்டுபோக மறந்தார்கள். அவர் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வந்தார். பழம் வாங்கப் போனதாகச் சொன்னார். கையில் பழம் இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பழம் எங்கேன்னு கேக்க மாட்டியா?" என்றார்.

"கேக்கவே வேணாம். வாசனை வருது."

மறுநாளிலிருந்து பழத்தை அவரே பார்த்து வாங்கினார். தோல் சுலபமாக உரியக் கூடாது என்பார் கடைக்காரரிடம். கடைக்காரருக்குப் புரியவில்லை.

குழாயில் ஊதும் நாள் வந்தது. அவர் மூச்சை அடக்கி ஊதினார். அவளும் கூடவே மூச்சை அடக்கிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

"பரவாயில்லையே!" என்றாள் நர்ஸ். "எதை வெச்சு சமாளிச்சீங்க? நிகோடின் சூயிங்கம்மா, மாத்திரையா?"

"ஆரஞ்சு."

"நல்லதுதான். நிறைய சாப்பிட்டீங்களோ?"

"நான் எங்க சாப்பிட்டேன்? எல்லாம் இவதான்."

நர்ஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அவள் கைப்பையைத் திறந்து தேவையில்லாத எதையோ தேடினாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கை கொஞ்ச காலம் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கும். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் விரலை மடக்கி நாட்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

"என்ன?" என்றார்.

"தோள் சேர்ற வரைக்கும் நீங்க வீட்டுல. நான் தனியாத்தான் வேலைக்குப் போகணும்."

"யாரு சொன்னா? படியில உட்காருறதுக்குத் தோள் எதுக்கு?"

"ஒரு கையால எப்படி உரிப்பீங்க?"

அவர் ஜன்னல் வழியாகப் பழக்கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும் இடம் வந்தபோது எழுந்து, நல்ல கையால் அவளுக்குப் பிடி கொடுத்தார்.

"திராட்சைக்கு ஒரு கை போதும்."

"கொட்டை இல்லாததா பாத்து வாங்குங்க," என்றாள்.