வெள்ளிக்கிழமை நீங்கலாக

கனடாவின் சஸ்காச்சுவான் சிறையின் சிறிய அறையில் பரோல் வாரியத்தார் இருவர் மேசைக்கு அந்தப்புறம் அமர்ந்திருந்தார்கள். இந்தப்புறம் நாற்காலி நுனியில் கைதி ஓரெஸ்ட் ஹிரிசாக். இவர்கள் சரி என்றால் அறுவடைக்கு முன் வீடு. இல்லையென்றால் இன்னொரு பனிக்காலமும் உள்ளேதான்.

குடித்துவிட்டு அவன் ஓட்டிய வண்டி ஸ்டெபானியா குசிக்கின் சமையலறைக்குள் புகுந்து அவளுடைய இடுப்பெலும்பை முறித்திருந்தது. அந்த அம்மாளே ஊன்றுகோலும் கையுமாகப் பின்வரிசையில் இருந்தாள்.

"மறுபடி குடிக்க மாட்டீங்கன்னு எப்படி நம்புறது?" என்றார் தலைவர் விட்ஃபோர்டு.

"நான் புது மனுஷன் ஐயா. குடி ஞாபகமே வர்றதில்லை." சிறை வகுப்பில் கற்றதைக் கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தான். தலைவர் கொட்டாவியை மென்று விழுங்கினார்.

அடுத்து ஸ்டெபானியா. முன்பே எழுதி அனுப்பியதைத்தான் வாசிக்க வேண்டும் என்பது முறை. அவளோ தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"பொய் சொல்றான். டேய் ஓரெஸ்ட், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாக்கு ஊறுதா, இல்லையா?"

"அம்மா, அவர்கிட்ட நேரா பேசக் கூடாது," என்றார் தலைவர்.

"அப்ப நீங்க கேளுங்க. நான் காத்திருக்கேன்."

வேறு வழியின்றித் தலைவர் கேட்டார். உண்மையைச் சொன்னால் கதவு சாத்திக்கொள்ளும் என்று ஓரெஸ்டுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஊறுது ஐயா. மத்த நாள் சமாளிச்சுடுவேன். வெள்ளிதான் மோசம்."

தலைவர் முதல்முறையாகப் பேனாவைத் திறந்தார். "ஓட்டை எங்கன்னு தெரிஞ்சாத்தானே அடைக்க முடியும்!"

"அடைக்க நானிருக்கேன்," என்றாள் ஸ்டெபானியா. "வெள்ளிக்கிழமை சர்ச் மண்டபத்துல பெரோகி கொழுக்கட்டை பிடிக்கிறோம். கிழங்கு உரிக்க ஆளில்லை. அத்தனை கிழவிங்க கண்ணு முன்னால ஒரு சொட்டு குடிச்சுப் பார்க்கட்டும்!"

"உங்களை நெருங்கக் கூடாதுன்னுதாம்மா நாங்க எழுதுறது வழக்கம்."

"எழுதுங்களேன். மேசையோட அந்தக் கோடியில உட்காரட்டும்."

வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவர்கள் தீர்ப்பைச் சொன்னார்கள். விடுதலை. மது கூடாது, வண்டி கூடாது, திருமதி குசிக்கை நெருங்கக் கூடாது, வெள்ளிக்கிழமை மண்டபம் நீங்கலாக. அவன் வராத வெள்ளியன்றே பரோல் அதிகாரிக்குத் தகவல் போகும்.

ஓரெஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்னை மன்னிச்சுட்டீங்களாம்மா?"

"அதைக் கர்த்தர் பார்த்துப்பார்," என்று அவள் எழுந்தாள். "நீ தோலை மெல்லிசா சீவு. கிழங்கு வீணாச்சு, நானே உன்னைத் திரும்ப உள்ள தள்ளிடுவேன்."