முங்கின சீட்டு

டிராமெல் மருந்துக்கடைக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அன்று மழை இல்லை, ஆற்றில் வெள்ளம் இல்லை, நெல் விலை முந்தைய வாரத்தைவிடச் சற்றே இறங்கியிருந்தது. வெய்லன் கார்வர் என்ற நெல் விவசாயியின் இன்சுலின் சீட்டைக் கடைக்காரர் டாயில் டிராமெல் கணினியில் ஏற்றினார். திரையில் 'ஏற்கப்பட்டது' என்று வந்த அதே நொடியில், கல்லாவுக்குக் கீழே பலகை இடுக்கிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வெளிவந்து அவர் காலணியை நனைத்துவிட்டு அமைதியாக நின்றது. அடுத்தது யாரோ ஒருவரின் ரத்தக்கொதிப்பு மாத்திரை. அதற்கு ஒரு தம்ளர்.

சாயங்காலத்துக்குள் டாயிலுக்குக் காரணம் புரிந்துவிட்டது. மருந்து கொடுப்பது கடை, பணம் கொடுப்பது காப்பீடு. எந்த மருந்துக்கு எவ்வளவு என்று தீர்மானிக்க நடுவில் ஒரு கம்பெனி உட்கார்ந்திருந்தது. 'மருந்துப் பயன் மேலாளர்' என்று அதற்குப் பெயர். மருந்து அவர்களிடம் இல்லை, பயன் யாருக்கென்று தெரியவில்லை, மேலாண்மை மட்டும் தங்குதடையின்றி நடந்தது. கடைக்காரர் வாங்கிய விலைக்கும் குறைவாகக் கம்பெனி பணம் தந்தால், சீட்டு முங்கிவிட்டது என்பார்கள் அந்தத் தொழிலில் உள்ளவர்கள். மற்ற கடைகளில் அது வெறும் பேச்சு. டாயிலின் கடையில் ஏனோ சொன்னபடியே நடந்தது.

முங்கும் சீட்டை மறுக்க வழியில்லை. மறுத்தால் ஒப்பந்தம் ரத்தாகும். ஒப்பந்தம் போனால் ஊரில் முக்கால்வாசிப் பேரின் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. அடுத்த மருந்துக்கடை நாற்பத்து மூன்று மைல். போதாததற்கு அந்த ஒப்பந்தத்தில் நாற்பத்தொன்றாம் பிரிவு என்று ஒன்று இருந்தது: கம்பெனி தரும் விலையைப் பற்றிக் கடைக்காரர் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. எனவே தண்ணீரைப் பற்றி யார் கேட்டாலும் டாயில் ஒரே பதிலைச் சொன்னார்: குழாய்.

ஊர் அதை நம்பியது. முதல் வருஷம் தரைவிரிப்பு போயிற்று. இரண்டாம் வருஷம் தண்ணீர் கணுக்காலைத் தொட, விற்பனைக்கு வைத்திருந்த வாழ்த்து அட்டைகள் மேல்தட்டுக்கு ஏறின. தேவாலயத்திலிருந்து இரண்டு பிளம்பர்களையும் ஒரு ஜெபத்தையும் அனுப்பினார்கள். மூன்றும் குழாயில் ஒரு குறையையும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம் வருஷம் கெளுத்தி மீன்கள் வந்து சேர்ந்தன. எப்படி வந்தன என்று யாரும் கேட்கவில்லை, கெளுத்தியிடம் அதெல்லாம் யாரும் கேட்பதில்லை. வாடிக்கையாளர் பட்டியலோடு கடையை வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு பெரிய கடைத்தொடர் எழுதிய கடிதம் டாயிலின் கீழ் இழுப்பறையில் இருந்தது. தண்ணீர் எட்டியபோது அதை மேல் இழுப்பறைக்கு மாற்றினார், கிழிக்கவில்லை.

வெய்லன் மாதம் ஒருமுறை ரப்பர் பூட்ஸோடு வந்தார்.

"என்னடா டாயில், மீன் பண்ணை வைக்கப் போறியா?"

"குழாய் ஒழுகுது."

"மூணு வருஷமா ஒரே குழாயா? என் பம்புசெட்டுல இவ்வளவு தண்ணி வரமாட்டேங்குது. அந்தக் குழாய எனக்குக் குடுத்துடு."

டாயில் இன்சுலினை நீட்டினார். ஒரு வாளி ஏறியது.

அந்த வசந்தத்தில் மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்று மருந்து விலை பற்றிய விசாரணைக்கு மருந்துக்கடைக்காரர்களை அழைத்தது. வெய்லன் தன் வண்டியில் டாயிலையும், இருபத்தாறு வருஷமாகக் கல்லாவில் நின்ற நெட்டி சக் என்ற அம்மாளையும் தலைநகருக்குக் கூட்டிப்போனார். கம்பெனியின் சார்பில் வந்தவர் 'அணுகல், மதிப்பு மற்றும் கூட்டாண்மைக்கான முதுநிலைத் துணைத் தலைவர்'. பதவி அவர் கழுத்துப்பட்டையைவிட நீளமாக இருந்தது. அவர் நாற்பது நிமிஷம் பேசினார். கடைக்குள் நிற்பது தண்ணீர் அல்ல, சேமிப்பு என்றார். மக்களுக்குச் சேரவேண்டிய சேமிப்பு அங்கே தற்காலிகமாகத் தேங்கியிருக்கிறது என்றார். இரண்டு உறுப்பினர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு டாயிலிடம் கேட்டார்கள். அவர் வாயைத் திறந்தார். பின்வரிசையில் வெய்லன் பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். நாற்பத்து மூன்று மைல் என்று டாயில் நினைத்துக்கொண்டார்.

"குழாய்" என்றார்.

நெட்டி எழுந்தார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா?"

"நீங்க யாரும்மா?"

"இவர் கடையில கல்லாவுல நிக்கிறேங்க. நான் எந்தக் காயிதத்துலயும் கையெழுத்துப் போடல. இவரு போட்டிருக்காரு, அதான் குழாய் குழாய்னு உசுர விடறாரு. குழாயெல்லாம் தங்கமா இருக்கு. முங்குன சீட்டோட தண்ணிங்க அது. இன்சுலினுக்கு ஒரு வாளி, மாத்திரைக்கு ஒரு தம்ளர். அந்தத் தம்பி சேமிப்புன்னு சொல்லுதே, ஒரு நாள் வந்து நின்னு பாக்கச் சொல்லுங்க. பூட்ஸ் நான் தரேன்."

திரும்பும் வழியில் இருபதாவது மைலில் வெய்லன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அப்போ அதுல பாதி என் தண்ணியாடா?"

"பாதி இல்ல. மூணுல ஒண்ணு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, மருந்துக்கு நீ மாசாமாசம் இப்படித்தான் வண்டி ஓட்டணும்."

சட்டம் நிறைவேறியது. வாங்கிய விலைக்குக் குறைவாகக் கம்பெனி தரக்கூடாது. நாற்பத்தொன்றாம் பிரிவு செல்லாது. கம்பெனி வழக்குப் போட்டு அன்றே தடை வாங்கியது. வழக்கு கீழ்க்கோர்ட்டிலிருந்து மேல்கோர்ட்டுக்கும் அங்கிருந்து அதற்கும் மேலுக்கும் ஆறு வருஷம் ஏறியது. தண்ணீரும் ஏறியது, ஆனால் கோர்ட்டைவிட வேகமாக. முழங்காலை எட்டிய வருஷம் நெட்டி இறந்துபோனார். அவருடைய பூட்ஸ் வாசல் ஆணியில் தொங்கியது, யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. மறுநாள் காலை வெய்லனின் இன்சுலினுக்கு 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. இருவரும் பலகை இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டும் வரவில்லை. டாயில் மேல் இழுப்பறையிலிருந்த கடிதத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டார். ஒரு கெளுத்தி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நின்ற தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. இறைத்துப் பார்த்தார்கள், விடிந்தால் அதே முழங்கால். மாநிலத்திலிருந்து ஓர் அதிகாரி அளவுகோலோடு வந்து நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக் கொடுத்தார்: சட்டம் முன்தேதியிட்டுச் செல்லாது, அமலுக்கு வருமுன் புகுந்த தண்ணீர் இச்சட்டத்தின் வரம்புக்குள் வராது. ஊர் அதைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமைகளில் கெளுத்தி பிடித்துப் பொரித்துச் சோளரொட்டியோடு தின்றது.

போன இலையுதிர்காலத்தில், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி கையில் சீட்டோடு வாசலில் தயங்கி நின்றாள்.

"என்னங்க, உள்ள இவ்வளவு தண்ணி?"

இப்போது டாயில் எதையும் சொல்லலாம். சொல்லும் உரிமை உண்டு என்ற அரசு அறிவிப்பே நான்கு வண்ணத்தில் அவர் தலைக்கு மேல் தொங்கியது. எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தார். மூச்சை இழுத்தார். விட்டார்.

"குழாய்" என்றார். பிறகு ஆணியிலிருந்து நெட்டியின் பூட்ஸை எடுத்து நீட்டினார். "போட்டுட்டு உள்ள வாங்கம்மா."

பூட்ஸ் அவளுக்குச் சரியாக இருந்தது.