வாசலைத் தாண்டிய பட்டன்

பட்டனைத் தைத்து முடித்த பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்பது சின்னவளுக்கு உறைத்தது. அக்காவின் பையை உதறியபோது விழுந்தது அது. பளபளவென்று இருக்கவே, பள்ளிச் சட்டையில் பட்டன் அறுந்திருந்த இடத்தில் வைத்துத் தைத்துவிட்டாள்.

அக்கா ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலை பார்க்கிறாள். அங்கே வந்திறங்கும் துணிக்கும் நூலுக்கும் பட்டனுக்கும் சுங்க வரி கிடையாது. எல்லாம் உடுப்பாகிக் கப்பலேற வேண்டியவை. வரி கட்டாமல் ஒரு வெட்டுத்துண்டுகூட வாசலைத் தாண்டி ஊருக்குள் வரக் கூடாது. வராமல் பார்த்துக்கொள்வதுதான் அம்மாவின் வேலை. வேலை முடிந்து வரும் பெண்களின் பைகளைத் துழாவும் அவளுக்கு அங்கே 'எக்ஸ்ரே' என்று பெயர். பெற்ற மகளையும் வரிசையில்தான் வரச் சொல்வாள்.

படுக்கப் போகும்போது அக்காவின் காதைக் கடித்தாள் சின்னவள்.

"அடிப்பாவி, பைத் தையல்ல மாட்டிக்கிட்டு வந்திருக்கும். வாயத் திறக்காத."

"அம்மாவுக்கு வேல போயிடுமாக்கா?"

"சொன்னாத்தான்டி போகும்."

"என்ன போகும்?" கதவருகே அம்மா.

சின்னவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா திட்டவில்லை. சட்டையை மடியில் போட்டு, நூலைப் பல்லால் கடித்துப் பட்டனைப் பிரித்தாள்.

"எக்ஸ்ரேவுக்கே டிமிக்கி குடுத்திருக்கு பாரேன்."

பட்டன் திரும்பி உள்ளே போவதற்கும் வாசலில் சொல்லியாக வேண்டும். காலையில் மூவருமாகச் சுங்க அதிகாரியின் ஜன்னல் முன் நின்றார்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒத்தப் பட்டனுக்கா இந்தப் பஞ்சாயத்து? உள்ள எங்கயாச்சும் போட்டுட்டுப் போங்கம்மா."

"அடுத்தவ பையில இருந்தா எழுதுவீங்க. எம்மக பையில இருந்தா போட்டுட்டுப் போகணுமா சார்? தேடினதும் நான், கோட்டை விட்டதும் நான். எழுதுங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினார். அக்காவுக்கு ஓர் எச்சரிக்கை, அம்மாவுக்கு ஒன்று.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வாசல் வேல கிடையாதும்மா."

"ஆகாது சார்."

பின்னால் நின்ற தையல்காரி ஒருத்தி, "எக்ஸ்ரே தன்னையே படம் புடிச்சுக்கிச்சுடி" என்றாள். வரிசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

பள்ளியில், சட்டையில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்து டீச்சர் கேட்டார்.

"பட்டன் எங்க?"

"எங்கம்மா கஸ்டம்ஸ்ல ஒப்படைச்சிட்டாங்க மிஸ்" என்றாள் சின்னவள், ஊக்கு நன்றாகத் தெரியும்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.