சுற்றில் விடுபட்டவர்

எபேர் லரோசாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம். ஞாயிறு காலை, ஆட்டத்துக்கு முன்னால், பதினாறு ஆட்டக்காரர்களும் உடைமாற்றும் அறையில் வட்டமாக உட்காருவார்கள். கால்பந்துப் பயிற்சியாளரான அவர் சுரைக்குடுவையில் மாத்தே என்ற கசப்புத் தேயிலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். எல்லோருக்கும் ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். ஒருவன் குடித்துத் திருப்பித் தந்தால், மறுபடி ஊற்றி அடுத்தவனுக்கு. மனைவி நெல்பா செத்துப்போய் நாலு வருஷமாகிறது. மற்ற ஆறு நாளும் தனியாகத்தான் குடிக்கிறார். தனியாகக் குடித்தால் அவருக்கு அது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

இந்த அருமையான அணிதான் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றது. மிச்சம் மூன்று. ஒன்றில் சறுக்கினாலும் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்; அங்கே போன கிளப்பை அந்த ஊரில் நாய்கூட எட்டிப் பார்க்காது. எபேர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். போன வருஷம் ஜெயித்த நாளில் போட்டிருந்த பழுப்புக் கோட்டைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு நாறினார். ராசி விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பயல்களுக்கு என்னதான் குறை? ஒரு குறையும் இல்லை, அதுதான் தொல்லை. தோற்றுவிட்டு வந்து, தோளில் கைபோட்டுக்கொண்டு சிரித்தார்கள். அதிலும் கேப்டன் தார்தோ, இறைச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறவன், கோபம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள்.

அந்த ஞாயிறு எபேர் குடுவையை நிரப்பினார். தார்தோ கையை நீட்டினான். அவர் அவனைத் தாண்டி, பக்கத்திலிருந்த கோல்கீப்பர் வில்சனிடம் கொடுத்தார்.

"வாத்தியாரே, நான் இங்க இருக்கேன்," என்றான் தார்தோ.

"தெரியுது. இது ரோசம் உள்ளவங்களுக்கு."

அந்த ஊரில் ஒருவனை அடித்தால்கூட மறுநாள் ராசியாகிவிடலாம். மாத்தே சுற்றில் தாண்டிப் போவதை யாரும் மன்னிப்பதில்லை. வில்சன் வாய் வைக்காமல் குடுவையைத் தரையில் வைத்தான். பதினாறு பேரும் எழுந்து வெளியே போனார்கள். மூன்று கோல் போட்டு ஜெயித்தார்கள். எவனும் அவர் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு தார்தோ சொந்தக் குடுவையோடு வந்தான். அன்றைக்கு அவனே ஊற்றிச் சுற்றுக்கு விட்டான். எபேரின் கை தன்னால் நீண்டது; குடுவை அவரைத் தாண்டிப் போயிற்று. அன்றைக்கும் ஜெயித்தார்கள்.

அணிக்குச் சட்டை துவைத்துப் போடும் ஆல்சிதேஸ், அவர் வயசுக்காரர், தனியாகப் பிடித்துக்கொண்டார். "ரோசம் வரட்டும்னுதான் செஞ்சேன்னு சொல்லித் தொலையேன்யா. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

"சொன்னா சிரிச்சுருவானுங்க. சிரிச்சா தோத்துருவானுங்க."

மூன்றாவது ஞாயிறும் அவரைத் தாண்டியே சுற்று போனது. கடைசி நிமிஷத்தில் தார்தோ தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. கிளப் பிழைத்தது.

மைதானத்துக்குப் பின்னால் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டினார்கள். எபேர் தள்ளி, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். தார்தோ வந்து அவரை அப்படியே கட்டிக்கொண்டான்.

"எங்களச் சூடேத்தத்தான் செஞ்சீங்கன்னு முதல் வாரமே தெரியும் வாத்தியாரே. வீட்டுக்குப் போறதுக்குள்ள புரிஞ்சுபோச்சு."

எபேருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்புறம் ஏண்டா ரெண்டு வாரமா எனக்குக் குடுக்கல?"

"குடுக்காம ஜெயிச்சோமே. ராசிய மாத்தலாமா? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன. கிழிந்த காலுறையோடு ஒருவனை ஒரு சீசன் பூரா ஓடவிட்டவர் அவர்.

"கிளப் தலைவர் உங்களுக்கு அடுத்த வருஷமும் வேலை குடுத்துட்டாரு," என்றான் தார்தோ. "எங்களுக்கும் நீங்கதான் வேணும்." சொல்லிக்கொண்டே குடுவையை நிரப்பினான். "சீசன் முடிஞ்சுது. இன்னிக்கு ஒண்ணு குடிங்க."

குடுவை சூடாக எபேரின் விரலைத் தொட்டது. நுரைகூட அடங்கவில்லை. நாலு வருஷத்தில் எதற்கும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. நெருப்பைச் சுற்றியிருந்த பயல்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் குடுவையையே பார்த்தார்கள். வில்சன் ராசிக்காக விரல்களைப் பின்னிக்கொண்டான். அடுத்த சீசனுக்கு மார்ச் மாதம் முதல் ஆட்டம், மொத்தம் முப்பது ஞாயிறு.

"அவனுக்குக் குடு," என்று வில்சனைக் காட்டினார் எபேர். "எதுக்கு வம்பு?"

குடுவை அவரைத் தாண்டிப் போனது. பயல்கள் மூச்சு விட்டுச் சிரித்தார்கள். அவர் அழுக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு, தன் மாத்தேவுக்கு அடுப்பில் தண்ணீர் வைக்கத் தனியாக வீட்டுக்கு நடந்தார்.