சுத்தி வெட்டுங்க

சலூன்காரருக்கு முப்பது வருஷமாக ஒரே ஒரு பெருமை. அவர் நாற்காலியிலிருந்து இதுவரை யாரும் காதில் கீறலோடு எழுந்து போனதில்லை. துள்ளுகிற குழந்தையாகட்டும், பாதி கிராப்பில் குறட்டை விடுகிற பெரியவராகட்டும், கை பிசகியதில்லை. அப்படிப்பட்ட கை ஒரு மாதுளைச் செடியிடம் மானம் இழந்தது.

கீழே சலூன், மேலே வீடு, நடுவில் பதினாலு படி. சலூனுக்குப் பின்னால் நாலு சுவருக்குள் ஒரு துண்டு இடம், பாதி சிமெண்ட், பாதி மண். சிமெண்ட் பக்கம்தான் மாதுளை நின்றது, ஒரு மண் தொட்டியில். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் மனைவி சாண் உயரத்தில் வாங்கி வந்து வைத்தது. தினமும் காலையில் படியிறங்கி வந்து தண்ணீர் ஊற்றி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். ஒன்பது வருஷமாக இலையைத் தவிர எதையும் கண்ணில் காட்டாத கஞ்சச் செடி அது. அதற்குப் போய் இவ்வளவு உபசாரமா என்று சலூன்காரர் கேலி செய்வார்.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் அந்தப் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். படியில் ஈரம். ஈரம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். சலூன் துண்டுகளைத் துவைத்து, சோம்பல்பட்டு அரைகுறையாகப் பிழிந்து, படியின் கைப்பிடிக் கம்பியில் காயப் போட்டவர் அவர்தானே. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். வாயைத் திறந்தால் "டீ போடட்டுமா?" என்றுதான் வெளியே விழும். அந்த இரண்டு மாதத்தில் அவள் குடித்த டீக்கு அளவே இல்லை.

மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. கட்டிலிலிருந்து குளியலறை வரை வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படி என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும். பயிற்சி கொடுக்க வருகிற பெண் போன வாரம் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

"எலும்பு நல்லா சேர்ந்துடுச்சு சார். பயம்தான் விடலை. இந்த மாசத்துக்குள்ள படி ஏறி இறங்கப் பழகலைன்னா கணுக்கால் அப்படியே இறுகிடும். அப்புறம் காலத்துக்கும் நொண்டணும்."

அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். எல்லாவற்றுக்கும் அவள் பதில் ஒன்றுதான்: "நாளைக்குப் பார்ப்போம்." அந்த நாளைக்கு வருகிற வழியாகவே தெரியவில்லை. இவள் இப்படியே முடங்கிவிடுவாளோ, நம்மால்தானே என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து போய் இன்னொரு டீ போடுவார்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. தினமும் மேலே போய்ச் செடியின் சேதி சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு நாள் கஞ்சச் செடி சிவப்பாக ஒரு மொட்டைக் காட்டியது. மறுநாள் மூன்று. பிறகு பதினொன்று. அவள் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டிக்கொண்டாள். தினமும் எண்ணிவிட்டு வரச் சொன்னாள். எண்ணாமல் சும்மா சொன்னால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆனால் இலை பழுக்க ஆரம்பித்தது. அதையும் சொன்னார்.

"தண்ணி ஊத்தினா ஊத்தின வேகத்துல கீழ ஓடிடுது. அடி ஓட்டை வழியா வேர் வேற வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு."

"வேர் தொட்டி பூரா நிறைஞ்சுடுச்சுங்க. உள்ள மண்ணே இருக்காது. மூச்சு முட்டுது அதுக்கு," என்றாள் அவள். "தொட்டியை விட்டு எடுத்துடணும். அந்தப் பக்கத்து மண்ணுல ஒரு குழி வெட்டி வைங்க. வைக்கிறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிறதையெல்லாம் வெட்டி விட்டுடுங்க. மறந்துடாதீங்க, அதுதான் முக்கியம். சுத்தி வெட்டணும்."

கீழே ஆட்கள் காத்திருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

நீங்களே சொல்லுங்கள், ஒரு சலூன்காரர் காதில் "சுத்தி வெட்டுங்க" என்று விழுந்தால் என்னவென்று விழும்? ஒரு நாளைக்கு இருபது தலை அதைத்தான் சொல்கிறது. சுத்தி வெட்டுங்க, மேல கை வைக்காதீங்க. முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காதே அந்த வடிவத்துக்கு வந்துவிட்டது.

மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து வேலையில் இறங்கினார். குழி வெட்டினார். தொட்டியைச் சாய்த்துச் செடியை இழுத்தார், அசையவில்லை. தட்டினார், அசையவில்லை. சரி, முதலில் வெட்டுகிற வேலையை முடித்துவிடுவோம் என்று செடியைச் சுற்றி வந்து, தலையைச் சாய்த்து அளவு பார்த்து, சீப்பும் கத்தரிக்கோலுமாகக் கிளைகளை நாலு பக்கமும் ஒட்ட வெட்டினார். மேலே மட்டும் ஒரு கொத்து விட்டார். தள்ளி நின்று பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பையனைப் போல அம்சமாக இருந்தது. பிறகுதான் கீழே பார்த்தார். சிமெண்டில் சிவப்புச் சிவப்பாக மொட்டுகள்.

பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பத்து. உச்சிக் கொத்தில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. பொறுக்கி என்ன செய்யப் போகிறார் என்று அவருக்கே தெரியாது. மேலே கேட்டால் பதினொன்று என்றே சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனை.

அந்த நேரம் பார்த்தா ரேடியோ வர வேண்டும்? ரேடியோ என்பது தினமும் ஓசிப் பேப்பர் படிக்க வருகிற வாடிக்கையாளர். அவருக்குத் தெரிந்துவிட்டால் தெருவுக்கே தெரிந்த மாதிரி. பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர், செடியையும் சட்டைப்பையில் பிதுங்கிய மொட்டுகளையும் கண்டு தொண்டை கிழியச் சிரித்தார்.

"என்னப்பா இது, செடிக்கும் கிராப்பா? மொட்டையெல்லாம் வெட்டித் தள்ளிட்டியேப்பா!"

மாடி ஜன்னல் திறந்திருந்தது.

மேலே வாக்கர் நகர்ந்தது. டொக். டொக். சத்தம் குளியலறைப் பக்கம் போகவில்லை. வாசல் பக்கம் வந்தது.

சலூன்காரர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். அவள் வாக்கரை மேலேயே விட்டுவிட்டு, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்றாவது படியில் நின்றாள். மூச்சு வாங்கியது. கண்ணில் அனல்.

"நில்லு, நான் வந்து பிடிக்கிறேன்!"

"பக்கத்துல வந்தீங்கன்னா தெரியும் சேதி. நகருங்க!"

அவர் கையை விரித்தபடி ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கினார். அவள் ஒவ்வொரு படியாக முன்னால் இறங்கினாள். அடிபட்ட காலை வைத்து, நல்ல காலைச் சேர்த்து, பல்லைக் கடித்து, நடுநடுவே அவரைத் திட்டி, பதினாலு படியும் இறங்கிவிட்டாள். தான் இறங்கிவிட்டது அவளுக்கே உறைக்கவில்லை, செடியின் நினைப்பு அப்படி. ரேடியோ நல்ல மனிதர்தான். பேப்பரைக்கூட மடிக்காமல் நழுவிவிட்டார்.

பின்பக்கம் வந்து அவள் செடியைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். திட்டவில்லை. உதடு துடித்தது.

"சுத்தி வெட்டச் சொன்னேனே, வேரைச் சொன்னேன்," என்றாள். "நீங்க..."

"சலூன்ல எல்லாரும்..."

"தெரியுது."

அதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தாள். பிறகு, "ஒரு நாற்காலி கொண்டாங்க. நிக்க முடியலை," என்றாள்.

அவர் உள்ளேயிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவள் சொல்லச் சொல்ல வேலை நடந்தது. செடி வராது, தொட்டியை உடையுங்கள் என்றாள். உடைத்தார். தொட்டி போன பிறகும் தொட்டி அங்கேயே நின்றது. அத்தனையும் வேர். சுவர் தட்டிய இடத்தில் திரும்பி, மறுபடி தட்டித் திரும்பி, வழி தெரியாமல் தன்னையே கயிறாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பார்க்கவே பாவமாக இருந்தது.

"இப்படியே மண்ணுல வெச்சா?"

"இப்படியே சுத்திக்கிட்டுத்தான் கிடக்கும். பக்கத்துல எவ்வளவு மண் இருந்தாலும் அதுக்குத் தெரியாது. கடைசில தன் வேரே தன் கழுத்தை நெரிச்சுடும்."

துண்டு துவைக்கிற தொட்டியில் தண்ணீர் நிரப்பி வேரை ஊற வைத்தார்கள். அடியில் சுருண்டிருந்த தடித்த வேரை அறுக்க வேண்டும், பக்கவாட்டில் நாலு இடத்தில் கீறிவிட வேண்டும். அவர் உள்ளே போய்த் தன் பெட்டியைத் திறந்து, யாரையும் தொடவிடாத நல்ல கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். சேறு பட்டால் அதன் கதி முடிந்தது என்று அவளுக்கும் தெரியும். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

சிக்கு எடுக்கிற வேலை அவருக்கு வந்தது. அதில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அகலப் பல் சீப்பை எடுத்து நுனியிலிருந்து, நோகாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே வந்தார். வேரும் முடி மாதிரிதான் இருந்தது. இழுத்தால் முரண்டு பிடித்தது, பொறுத்தால் வந்தது.

உச்சியில் மிஞ்சியிருந்த ஒற்றை மொட்டை அவள் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று கிள்ளிவிட்டாள்.

"ஐயோ! அது ஒண்ணாவது இருக்கட்டும்னு..."

"வேரை வெட்டின செடிக்குப் பூ பாரம். உயிர் பிழைக்கிற வழியை அது முதல்ல பார்க்கட்டும். கிளையையும் கொஞ்சம் குறைக்கத்தான் வேணும். நீங்கதான் அவசரப்பட்டு மொட்டை போட்டுட்டீங்க." அவள் முகத்தைத் துடைக்க நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே சுவருக்குச் சுவர் புதுசாக ஒரு கொடி கட்டியிருந்தது. அதில் வரிசையாகச் சலூன் துண்டுகள்.

"இந்தக் கொடியை எப்ப இங்க கட்டினீங்க?"

சீப்பு நின்றது. "நீ விழுந்த மறுநாள்."

அவள் கத்தரிக்கோலை மடியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்குப் படியில இருந்த ஈரம்..." என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை டீ வரவில்லை. "என் துண்டுதான். நான் சரியாப் பிழியலை."

"தெரியும்."

"தெரியுமா?"

"விழுந்து கிடந்தப்ப என் நெத்தியிலதானே சொட்டிக்கிட்டு இருந்துச்சு. தெரியாம என்ன?"

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

அவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, சேற்றுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் அழ விட்டாள். பிறகு ஸ்டூலிலிருந்து குனிந்து, சீப்பை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"ரெண்டு மாசமா இதையேதான் உள்ளுக்குள்ள சுத்திக்கிட்டு இருந்தீங்களா? சுத்திக்கிட்டு இருக்கிறதை வெட்டி விடுங்கன்னு சொன்னா, உங்களுக்குத்தான் காது கேக்கிறதே இல்லையே. ம், வேர் காயுது. ஆகட்டும்."

பிரித்த வேர்களைக் குழிக்குள் நாலு பக்கமும் பரப்பி, மண் தள்ளி, மிதித்து, தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் இந்தத் தடவை ஓடவில்லை, நின்று நிதானமாக உள்ளே இறங்கியது. ஒட்ட வெட்டிய கிராப்போடு செடி மண்ணில் நின்றது.

மேலே போக வேண்டும். அவர் படியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தூக்கிக்கிட்டுப் போகட்டுமா?"

"கையைக் கழுவிட்டு வாங்க. கூட வந்தாப் போதும்."

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். கம்பி காய்ந்து கிடந்தது. ஒரு படிக்கு ஒரு மொட்டு என்று கணக்காகத் திட்டிக்கொண்டே பத்துப் படி ஏறினாள். பதினோராவது மொட்டைக் கிள்ளியது அவளேதான், அதனால் அதற்கு மேல் திட்ட ஒன்றும் இல்லை. மிச்சம் நாலு படியும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் ஏறினாள்.