பெயர் விடுபட்டவர்கள்

பினாங்குக் கப்பலை விட்டு இறங்கி, நாகப்பட்டினம் துறைமுகத்தில் தகரப்பெட்டியைக் கீழே வைத்ததும் இராஜாங்கம் மகனிடம் கேட்ட முதல் கேள்வி, "செவ்வந்தி வரலையா?" என்பதுதான். ரெத்தினத்துக்குச் சுருக்கென்றது. தாலுகா ஆபீசில் லீவு சொல்லி, இஸ்திரி போட்ட சட்டை கசங்கக் கூடாதென்று ரயிலில் உட்காராமலேயே வந்தவன் அவன். வந்து நிற்பவனை விட்டுவிட்டு வராதவளைத் தேடுகிறார்கள்.

"பட்டுக்கோட்டையில கூட்டமாம்ப்பா. நாளைக்கு நம்ம ஊர்லயே பேசுது."

"நம்ம ஊர்லயா? எந்த எடத்துல?"

"பெரிய தெரு முக்குல."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் ஊர் ஊராக மேடையேறிப் பேசுகிறாள் என்று தெரிந்தால் அப்பா கொதித்துப்போவார் என ரெத்தினம் நினைத்திருந்தான். நினைத்தான் என்ன, ஆசைப்பட்டிருந்தான். அவரோ நீடாமங்கலம் வரும்வரை, எத்தனை ஜனம் வரும், ஒலிபெருக்கிக் குழாய் எத்தனை கட்டுவார்கள், பண்ணை வீடு வரைக்கும் கேட்குமா என்று அதையே கேட்டுக்கொண்டு வந்தார். ரெத்தினத்துக்குச் சம்பளம் உயர்ந்ததைச் சொன்னபோது, "நல்லதுப்பா" என்றார். அவ்வளவுதான்.

பண்ணை வீடு அந்தப் பெரிய தெருவில்தான் இருக்கிறது. அங்கே ஏர் ஓட்டிய காலத்தில் இராஜாங்கம் என்ற பெயர் யார் வாயிலும் வந்ததில்லை. "கூழுக்கு வழியில்ல, பேரு மட்டும் ராஜாங்கமா?" என்று சிரித்துவிட்டு, "டேய்" என்றே கூப்பிட்டார்கள். அந்த "டேய்" பொறுக்காமல்தான் அவர் பெண்டாட்டியோடு கப்பலேறினார். ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகப் படிப்பான். அவன் வாயில் பெயர் வந்தால்தான் அன்றைக்குக் கூலி. பேனா பிடித்த ஒருவன் தன் பெயரை முழுசாகச் சொன்னது அங்கேதான். "எம் புள்ளையும் கிராணி ஆவணும். பெரிய தெருவுல எம் பேர மரியாதையாச் சொல்ல வைக்கணும்" என்று, அங்கே பிறந்த பிள்ளைகள் இருவரையும் ஊருக்கு அனுப்பி, அத்தை அம்சத்திடம் வளரவிட்டார்.

ரெத்தினம் சொன்னபடி கிராணி ஆனான். சர்க்கார் கிளார்க். செவ்வந்தி டீச்சர் டிரெயினிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, கட்சிக் கூட்டங்களில் பேசப் போனாள். 'வயசுப் பொண்ணு, வீடு தங்காம' என்று ஊர் மென்றது. ஒருநாள் ரெத்தினம் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னான்: "நான் சர்க்கார் சம்பளக்காரன். எந்த மேடையிலயும் எம் பேர எடுக்காத. வேலைக்கே வெனையாயிரும்." வேலைக்குப் பயந்தது உண்மை. அவளுடைய அண்ணன் என்று தெரிவதில் இருந்த கூச்சமும் உண்மை.

"சரிண்ணே," என்றாள் அவள்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் பெரிய தெரு முக்கில் டியூப் லைட்டுகள் எரிந்தன. குடிசை போட்டிருக்கும் மண் குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்த சமயம். போன அறுப்பில் கூலித் தகராறில் அடிபட்டவர்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள். பண்ணை வீட்டில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அத்தை கோரைப்பாய் கொண்டுவந்து முதல் வரிசையில் விரித்திருந்தாள். அப்பாவையும் அம்மாவையும் மேடையில் நாற்காலி போட்டே உட்காரவைத்துவிட்டார்கள். கீழே ஒரு போலீஸ்காரர் குறிப்பெடுக்கத் தயாராக இருந்தார். அவரைப் பார்த்ததும் ரெத்தினம் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டான். கையில் டீ கிளாஸ் இருந்தது.

செவ்வந்தி மைக்கைப் பிடித்தாள். வழக்கம்போல முதலில் பெயர்களை விளித்தாள். தலைவர் அவர்களே. கிளைச் செயலாளர் அவர்களே. ஒலிபெருக்கி அமைத்துத் தந்த மீரா சாகிப் அவர்களே. என்னை வளர்த்து ஆளாக்கிய அத்தை அம்சம் அவர்களே. அத்தை பாயில் உட்கார்ந்தபடியே யாருக்கோ பதில் சொல்வதுபோல, "ம்" என்றாள். சனம் சிரித்தது.

"இதே தெருவிலே ஏர் ஓட்டி, கடல் தாண்டிப் போய், இன்று நம் முன்னால் அமர்ந்திருக்கும் என் தந்தை, மரியாதைக்குரிய திரு இராஜாங்கம் அவர்களே!"

குழாய்கள் அதைப் பண்ணை வீட்டுச் சுவர்வரை கொண்டுபோய் அடித்தன. அப்பா தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார், பெரட்டில் நிற்கிறமாதிரி. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து அம்மா பெயர் வந்தது.

ரெத்தினத்துக்கு வயிறு எரிந்தது. படித்தது நான், பாஸானது நான், அவர் சொன்ன வேலையில் சேர்ந்தது நான். இவள் ஒரு வாய்ச்சொல்லில் தட்டிக்கொண்டு போகிறாள். ஆனாலும் காது மேடையைவிட்டு நகரவில்லை. அடுத்து நம் பெயர்தான். சொல்லித் தொலைத்தால் நாளைக்குப் போய்த் திட்டலாம். சொல்லேன்!

செவ்வந்தி டீக்கடைப் பக்கம் திரும்பினாள். இருட்டைக் கொஞ்சநேரம் பார்த்தாள். சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"பெயர் விடுபட்டவர்கள் யாராவது இருந்தால், என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அனைவருக்கும் வணக்கம்."

போலீஸ்காரர் தலைகுனிந்து எழுதினார்.

அப்போது ஒருவர் ஓடிவந்து அப்பாவுக்குத் துண்டு போர்த்தினார். "ரெண்டு வார்த்தை பேசுங்க ஐயா" என்று மைக்கை அவர் பக்கம் இழுத்துவிட்டார். செவ்வந்தி விலகி நின்றாள். மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லாத அப்பா அதன்மேல் வாயை ஒட்டவைத்துக்கொண்டு, கூட்டம் முழுவதையும் கண்ணால் துழாவினார்.

"ரெத்தினம்… ரெத்தினம், எங்கப்பா நிக்கிற? முன்னால வா. தங்கச்சி எப்டிப் பேசுது கேளு!"

அவன் பெயர் பெரிய தெருவின் கோடிவரை போய், பண்ணை வீட்டுச் சுவரில் பட்டு, இன்னொரு முறை கேட்டது. போலீஸ்காரர் பென்சிலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

தட்டியின் நிழல் அவன் கால்விரலோடு முடிந்தது. அதற்கு அந்தப் பக்கம் தெரு பளீரென்றிருந்தது. கிளாஸில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"ரெத்தினம்!" என்றார் அப்பா மறுபடியும்.